ஆறு சேனல் ஒலி, இரண்டு சேனல் கம்பி: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் கோடி மென்பொருளை வைத்துப் படம் பார்க்கும் வாசகர்கள், சுற்றொலி தொடர்பாக அனுப்பிய கடிதங்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, சுருக்கி இங்கே தருகிறோம். மென்பொருளுக்குப் பழைய பெயர் எக்ஸ்பிஎம்சி. 2014இல்தான் அது கோடி ஆயிற்று. கோடித் துணிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதை, ஒவ்வொரு முறையும் அப்பெயரை எழுதும்போது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 ஹோம் தியேட்டர் இன்றும் நன்றாக இயங்குகிறது. அதில் எச்டிஎம்ஐ கிடையாது, ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் இணைப்பு மட்டும்தான். சிறிய கணினி ஒன்றில் கோடியை நிறுவி அதனுடன் இணைத்திருக்கிறேன். டிவிடியிலிருந்து எடுத்து வைத்த பழைய படங்களில் எல்லா ஸ்பீக்கர்களும் ஒலிக்கின்றன. புதிய படங்கள் சிலவற்றில், கோப்பின் விவரத்தில் 5.1 என்றே இருந்தும், முன்னால் உள்ள இரண்டு மட்டும் ஒலிக்கின்றன. ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர் பழுதாகிவிட்டதா? (மதுரை வாசகர்)

பதில்: ரிசீவரில் பழுதில்லை. பழைய படங்கள் முழுமையாகக் கேட்பதே அதற்குச் சான்று. தங்கள் சிக்கல் கம்பியில் இருக்கிறது, அதுவும் கம்பியின் குற்றமல்ல. ஆப்டிகல் இணைப்பைத் தோஷிபா நிறுவனம் 1983இல் கொண்டுவந்தபோது அதன் வேலை, குறுந்தகடு இயக்கியிலிருந்து ரிசீவருக்கு இரண்டு சேனல் ஒலியைக் கொண்டுசெல்வது மட்டுமே. சுருக்கப்படாத ஒலியை, அதாவது பிசிஎம் என்று சொல்லப்படுவதை, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் (நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட்) என்ற அளவில் அனுப்பினால் இரண்டு சேனலுக்கு நொடிக்கு 1,536 கிலோபிட் தேவை. ஆறு சேனலுக்கு அது 4,608 கிலோபிட் ஆகிறது. இரண்டு சேனலுக்கென வகுக்கப்பட்ட அந்தப் பாதையில் ஆறு சேனல் பிசிஎம்முக்கு இடமே ஒதுக்கப்படவில்லை.

அப்படியானால் டிவிடி படங்கள் எப்படி ஐந்து ஸ்பீக்கரிலும் சப்வூஃபரிலும் ஒலித்தன என்று கேட்பீர்கள். அவற்றில் இருப்பது டால்பி டிஜிட்டல், அதாவது ஏசி3, அல்லது டிடிஎஸ். ஏசி3 ஆறு சேனலையும் அதிகபட்சம் நொடிக்கு 640 கிலோபிட்டுக்குள் சுருக்கிவிடுகிறது. டிவிடியில் அதன் உச்சவரம்பு 448தான். டிடிஎஸ் சற்றுத் தாராளமானது, முழு அளவில் 1,509 கிலோபிட் எடுத்துக்கொள்ளும். இரண்டுமே 1,536க்குள் அடங்குவதைக் கவனியுங்கள். சுருக்கிய பொட்டலத்தை இரண்டு சேனல் பிசிஎம் செல்லும் அதே பாதையில் அனுப்பி, மறுமுனையில் ரிசீவர் அதைப் பிரித்து ஆறு சேனலாக்கிக்கொள்கிறது. இதைத்தான் பாஸ்த்ரூ என்கிறோம்.

தங்கள் புதிய படங்களில் இருப்பது பெரும்பாலும் ஏஏசி வடிவ ஒலியாக இருக்க வேண்டும். படம் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில ஓ எழுத்தை அழுத்தினால் ஒலியின் வடிவமும் சேனல் எண்ணிக்கையும் திரையில் தெரியும், ஊகிக்க வேண்டியதில்லை. ஏஏசி நல்ல வடிவம், குறைந்த இடத்தில் நிறைவான ஒலி தருவது. ஆனால் அக்கால ஹோம் தியேட்டர்களுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. எனவே கோடி தானே அதைப் பிரித்து ஆறு சேனல் பிசிஎம் ஆக்குகிறது, அனுப்ப வழியில்லாததால் ஆறையும் இரண்டாகக் குழைத்துக் கொடுத்துவிடுகிறது. தங்கள் முன் ஸ்பீக்கர்களில் கேட்பது அந்தக் குழையல்.

இதற்கான தீர்வு, பிரித்த ஆறு சேனலையும் அந்த நொடியிலேயே மீண்டும் ஏசி3 ஆகச் சுருக்கி அனுப்புவது. கோடியில் இதற்கு வசதி உண்டு. செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம், அதனுள் ஆடியோ பக்கத்துக்குச் செல்லுங்கள். இடது கீழ் மூலையில் உள்ள பல்சக்கரக் குறியை எக்ஸ்பர்ட் நிலைக்கு மாற்றாவிட்டால் சில வரிகள் கண்ணில் படாது. ஒலி வெளியேறும் கருவியாக ஆப்டிகலைத் தேர்ந்து, சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வையுங்கள். இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வீட்டில் 5.1 ஸ்பீக்கர் இருக்கும்போது 2.0 என்று எப்படி வைப்பது என்று கை தயங்கும். அந்த எண் ஸ்பீக்கர்களைக் குறிப்பதல்ல, பிசிஎம் ஆக எத்தனை சேனல் அந்தக் கம்பியில் போகலாம் என்பதைக் குறிப்பது. பிறகு பாஸ்த்ரூவை அனுமதித்து, ரிசீவருக்கு ஏசி3 தெரியும் என்று குறியிட்டு, அதன் கீழே தோன்றும் டால்பி டிஜிட்டல் டிரான்ஸ்கோடிங் என்ற வரியை இயக்குங்கள். ரிசீவரின் முகப்பில் டிடிஎஸ் முத்திரை இருந்தால் அதையும் குறியிடலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், கோடி டிடிஎஸ்ஸையும் பிரித்து ஏசி3 ஆக்கி அனுப்பிவிடும்.

இவ்வாறு அமைத்தபின் ஏசி3 படங்கள் தொடப்படாமல் அப்படியே போகும், ஏஏசி 5.1 படங்கள் மாறிப் போகும், இரண்டு சேனல் பாடல்கள் பிசிஎம் ஆகவே போகும். ஏற்கெனவே ஒருமுறை சுருக்கிய ஒலியை மறுபடி சுருக்குவதால் தரம் குறையாதா என்றால், கணக்குப்படி குறையும். 640 கிலோபிட்டில் அந்தக் குறைவை என் காது இதுவரை கண்டுபிடித்ததில்லை. பின் ஸ்பீக்கர்கள் ஊமையாக இருப்பதோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே அல்ல.

ஓர் எச்சரிக்கை மட்டும். கணினியிலிருந்து எச்டிஎம்ஐ மூலம் தொலைக்காட்சிக்கும், தொலைக்காட்சியின் ஆப்டிகல் துளையிலிருந்து ரிசீவருக்கும் இணைத்திருந்தால் மேற்சொன்ன அமைப்பு பலிக்காமல் போகலாம். எச்டிஎம்ஐ வழியாக வந்த ஒலியை ஆப்டிகலில் இரண்டு சேனலாக்கி மட்டும் வெளியே விடும் தொலைக்காட்சிகள் ஏராளம். கணினியின் ஆப்டிகல் துளையிலிருந்து நேராக ரிசீவருக்குக் கொடுங்கள். கணினியில் அத்துளை இல்லையென்றால், ஆப்டிகல் வெளியீடு கொண்ட யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று போதும்.

கேள்வி: பாஸ்த்ரூவை இயக்கியதிலிருந்து கோடியின் ஒலி கூட்டும் குறைக்கும் பொத்தான்கள் வேலை செய்வதில்லை. ஒருநாள் வேறொரு பெருக்கியில் இணைத்தபோது படத்துக்குப் பதில் அருவி கொட்டுவது போன்ற பேரிரைச்சல் வந்து பயந்துவிட்டோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (கும்பகோணம் வாசகி)

பதில்: இரண்டும் ஒரே காரணத்தின் விளைவுகள். பாஸ்த்ரூவில் கம்பி வழியே போவது ஒலி அல்ல, முத்திரையிட்ட பொட்டலம். ஒலியைக் குறைப்பது என்றால் ஒவ்வோர் எண்ணையும் ஒரு பின்னத்தால் பெருக்குவது. பொட்டலத்தின் பிட்டுகளை அப்படிப் பெருக்கினால் உள்ளே இருப்பது சிதைந்துவிடும், ரிசீவரால் பிரிக்க முடியாது. அதனால்தான் கோடி அந்த வேளையில் கையைக் கட்டிக்கொள்கிறது. ஒலியளவை ரிசீவரின் ரிமோட்டில் மாற்றிக்கொள்ளுங்கள். மெனுவில் நகரும்போது வரும் கிளிக் ஓசைகளும் பாஸ்த்ரூ ஓடும்போது கேட்காது, அதுவும் பழுதல்ல.

பேரிரைச்சலுக்கு வருவோம். தாங்கள் இணைத்த பெருக்கிக்கு ஏசி3 தெரியாது. வந்த பொட்டலத்தைச் சாதாரண பிசிஎம் என்று எண்ணி நேராக ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டது. இது ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நல்லதல்ல. புதிய கருவியில் இணைக்கும்போதெல்லாம் முதலில் பாஸ்த்ரூவை நிறுத்திவிட்டு, ஒலியளவைத் தணித்துவைத்துச் சோதியுங்கள். இன்னொன்று, காட்சியின் வேகத்தைத் திரையின் வேகத்தோடு இசைவிக்கும் சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே என்ற வசதியை இயக்கினால் பாஸ்த்ரூ தானாகவே நின்றுவிடும். வேகத்தை இசைவிக்க ஒலியைச் சற்று நீட்டவோ குறுக்கவோ வேண்டும், பொட்டலத்தை நீட்ட முடியாது.

கேள்வி: எங்களிடம் ஹோம் தியேட்டர் இல்லை. தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கர்தான். 5.1 படங்களில் சண்டை வந்தால் வீடு அதிர்கிறது, வசனமோ முணுமுணுப்பாக இருக்கிறது. இரவில் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டியுள்ளது. (சேலம் வாசகி)

பதில்: 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் தனியாக வைக்கப்படுகிறது. அதற்கென்று ஒரு ஸ்பீக்கர் எதிரே இருக்கும் என்ற நம்பிக்கையில் அது கலக்கப்பட்டது. இரண்டு ஸ்பீக்கருக்கு மாற்றும்போது வழக்கமான கணக்கு, நடு சேனலை 3 டெசிபெல் தணித்து இடது, வலது சேனல்களில் சேர்ப்பது, பின் சேனல்களையும் அவ்வாறே தணித்து அந்தந்தப் பக்கத்தில் சேர்ப்பது. பல சேனல்கள் ஒன்றுகூடும்போது எண்கள் உச்சவரம்பைத் தாண்டிப் பிளறக்கூடும் என்பதால் மொத்த ஒலியையும் குறைத்துவிடுகிறார்கள். அந்தக் குறைப்பில் முதலில் அடிபடுவது வசனம்.

கோடியின் ஆடியோ பக்கத்தில், மெயின்டைன் ஒரிஜினல் வால்யூம் ஆன் டவுன்மிக்ஸ் என்று ஒரு வரி உண்டு. அதை இயக்கினால் மூல ஒலியளவு காக்கப்படும், அதற்கு ஈடாக மெல்லிய ஒலிக்கும் பேரொலிக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். இசைக் கச்சேரிப் பதிவுக்கு இது தேவையற்றது. இரவில் தூங்கும் குழந்தையை வைத்துக்கொண்டு படம் பார்ப்பவருக்கு இதுவே பெரும் உதவி. இது போதவில்லையென்றால், படம் ஓடும்போது வரும் ஒலி அமைப்பில் வால்யூம் ஆம்ப்ளிஃபிகேஷன் என்பதைச் சில டெசிபெல் ஏற்றிப் பாருங்கள். பாஸ்த்ரூ நிறுத்தப்பட்டிருந்தால்தான் இவை இரண்டும் செயல்படும். 5.1இல் வரும் அந்தப் ‘புள்ளி ஒன்று’, ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வொலிக்குரிய தனிச் சேனல், வழக்கமான குழைப்பில் அடியோடு விடப்படுகிறது. தொலைக்காட்சியின் சிறு ஸ்பீக்கருக்கு அது இழப்பே அல்ல.

கேள்வி: ஏஏசி 5.1 ஒலியை நானே ஏசி3 ஆக மாற்றினேன். இணையத்தில் கிடைத்த பழைய கருவி ஒன்றால் ஆறு தனிக் கோப்புகளாகப் பிரித்து, வரிசையாகச் சேர்த்து, பிறகு சுருக்கினேன். இப்போது கதாநாயகன் எங்கே நின்றாலும் அவர் குரல் இடது ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. பின்னால் வலது ஸ்பீக்கர் குமுறுகிறது, சப்வூஃபரில் பறவைச் சத்தம் அமுங்கிக் கேட்கிறது. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இவ்வளவு துல்லியமாகக் கேட்டு எழுதியதற்கு நன்றி. தங்கள் கடிதத்தைப் படித்ததுமே நோய் விளங்கிவிட்டது. ஆறு சேனலை எந்த வரிசையில் அடுக்குவது என்பதில் வடிவங்களுக்குள் ஒற்றுமை இல்லை. சுருக்கப்படாத ஒலியை வைக்கும் வேவ் கோப்பு இடது, வலது, நடு, அதிர்வொலி, பின் இடது, பின் வலது என்று அடுக்கும். ஏசி3 தன்னுள் இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, அதிர்வொலி என்று வைத்துக்கொள்ளும். ஏஏசியோ நடுவிலிருந்து தொடங்கும்: நடு, இடது, வலது, பின் இடது, பின் வலது, அதிர்வொலி. தாங்கள் ஏஏசி வரிசையில் பிரித்த கோப்புகளை வேவ் வரிசை என்று நம்பி ஒட்டியிருக்கிறீர்கள். முதலில் நின்ற நடு சேனல் இடது ஸ்பீக்கருக்குப் போயிற்று, ஆகவே வசனம் அங்கே. கடைசியில் நின்ற அதிர்வொலி பின் வலதுக்குப் போயிற்று, ஆகவே குமுறல். நான்காவதாக நின்ற பின் இடது சேனல் சப்வூஃபரில் சிக்கிக்கொண்டது, தாங்கள் கேட்ட பறவை அதுதான். இதே தவறை ஏசி3 வரிசையில் செய்திருந்தால் வசனம் வலது பக்கம் வந்திருக்கும்.

மூலக் கோப்பு இருக்குமானால் மாற்றியதை அழித்துவிட்டு, ஒலி, படக் கோப்புகளை வடிவம் மாற்றும் எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவியிடம் முழுக் கோப்பையும் ஒப்படையுங்கள். வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். மூலம் இல்லாவிட்டாலும் பெரும்பாலான ஒலி தொலைந்துவிடவில்லை, இடம் மாறித்தான் கிடக்கிறது; அதிர்வொலியின் இடத்தில் சிக்கிய பின் இடது சேனலின் உயர் ஒலிகள் மட்டும் ஏசி3 ஆகச் சுருக்கியபோதே போய்விட்டன, திரும்ப வராது. அதே கருவியின் சேனல்மேப் வடிகட்டியால் ஒவ்வொன்றையும் உரிய இடத்துக்குத் திருப்பலாம், ஆனால் இன்னொரு முறை சுருக்க நேரும்.

கேள்வி: என்னிடம் நூற்றுக்கணக்கான படங்கள் உள்ளன. ஒவ்வொரு முறையும் ஓடும்போது மாற்றுவதைவிட, எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏசி3 ஆக்கி வைத்துவிடலாமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: கோடி ஒன்றில் மட்டும் பார்ப்பவரென்றால் வேண்டாம். ஓடும்போது மாற்றுவது இன்றைய எந்தக் கணினிக்கும் சுமையல்ல, மூலமும் கெடாமல் இருக்கும். நாளை எச்டிஎம்ஐ உள்ள ரிசீவர் வாங்கினால் அந்த மூலத்தின் அருமை தெரியும். ஆனால் அதே படங்களைத் தொலைக்காட்சியில் யுஎஸ்பி மூலமும் பார்க்கிறீர்கள், அதில் டிடிஎஸ் படங்கள் ஊமையாக ஓடுகின்றன என்றால் நிலைமை வேறு. டிடிஎஸ் இல்லாமல் வரும் தொலைக்காட்சிகள் அண்மை ஆண்டுகளில் பல உண்டு. அப்போது மூல ஒலியை நீக்காமல், அதனருகே ஏசி3 ஒலியை இரண்டாவது தடமாகச் சேர்த்து, பல ஒலித் தடங்களை ஏற்கும் எம்கேவி கோப்பில் வையுங்கள். படத்தைத் தொடாமல் நகலெடுத்து ஒலியை மட்டும் மாற்றச் சொன்னால் எஃப்எஃப்எம்பெக் சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 640 கிலோபிட் ஏசி3 தடம் 720 மெகாபைட் அளவு இடம் எடுக்கும். அதே படத்தின் முழு அளவு டிடிஎஸ் தடம் ஏறத்தாழ 1.7 கிகாபைட். 384 கிலோபிட்டில் உள்ள ஒன்றை 640க்கு மாற்றினால் ஒலி மேம்படும் என்று சிலர் எண்ணுகிறார்கள். போன விவரம் திரும்ப வராது. கூடுதல் பிட்டுகள், மறுபடி சுருக்குவதால் வரும் சேதத்தைக் குறைக்க மட்டுமே.

கேள்வி: மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கச் செய்யும் டால்பி அட்மாஸ் சவுண்ட்பார் வாங்கித் தொலைக்காட்சியின் ஏஆர்சி துளையில் (தொலைக்காட்சியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ துளை) இணைத்தேன். ஓடிடி படங்களில் அட்மாஸ் விளக்கு எரிகிறது. புளூரேயிலிருந்து எடுத்த அட்மாஸ் படத்தைக் கோடியில் போட்டால் எரிவதில்லை. (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: இரண்டுக்கும் பெயர் ஒன்று, வாகனம் வேறு. ஓடிடியில் அட்மாஸ் வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவத்தின் மேல். அது சிறியது, எச்டிஎம்ஐ 1.4 உடன் 2009இல் வந்த ஏஆர்சி வழியே போய்விடும். புளூரேயில் அட்மாஸ் பெரும்பாலும் ட்ரூஎச்டி என்ற இழப்பில்லாத வடிவத்தின் மேல் ஏறி வருகிறது. அதன் வேகம் நொடிக்கு 18 மெகாபிட் வரை போகலாம். ஏஆர்சி அதைத் தாங்காது, அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி தாங்கும். தொலைக்காட்சி, சவுண்ட்பார் இரண்டிலும் இஏஆர்சி இருக்க வேண்டும். சவுண்ட்பாரில் தனி எச்டிஎம்ஐ உள்ளீடு இருந்தால் கணினியை நேராக அதில் செருகுவதே எளிய வழி, பாஸ்த்ரூவில் ட்ரூஎச்டியைக் குறியிடவும் மறக்க வேண்டாம். கோடி தானே பிரித்தால் அட்மாஸின் உயரத் தகவல் கைவிடப்பட்டு 7.1 மட்டும் மிஞ்சும். ஏசி3 ஆக மாற்றினாலோ 5.1தான். இந்த வடிவத்தைப் பொறுத்தவரை மாற்றம் என்று எதைச் செய்தாலும் இறங்குமுகம்தான்.

கேள்வி: பழைய திரைப்பாடல்களை 5.1 ஆக மாற்றிக் கேட்க விரும்புகிறேன். கோடியில் ஸ்டீரியோ அப்மிக்ஸ் என்று இருக்கிறதே? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இருக்கிறது. இரண்டு சேனலில் உள்ளதை மற்ற ஸ்பீக்கர்களுக்கும் பகிர்ந்துகொடுக்கும், புதிதாக எதையும் உருவாக்காது. 1960களின் பாடல்களில் பெரும்பாலானவை மோனோ. பின்னாலிருந்தும் பாடகர் பாடுவது எனக்கு உவப்பாக இல்லை. தங்களுக்குப் பிடித்தால் தடையில்லை. இரண்டு சேனலைச் சுற்றொலியாக விரிக்கும் டால்பி புரோலாஜிக் 2 வசதி ரிசீவரில் இருந்தால் அது இதைவிட நயமாகச் செய்யும், கோடியின் அப்மிக்ஸை நிறுத்திவிட்டு அதை முயலுங்கள்.

கேள்வி: ஏசி3 மாற்றத்தை இயக்கியபின் உதடு முன்னே, குரல் பின்னே போகிறது. எல்லாப் படங்களிலும் அல்ல. (விழுப்புரம் வாசகி)

பதில்: மாற்றப்படும் படங்களில் மட்டும் அவ்வாறு நேர்கிறதா என்று பாருங்கள். ஏசி3 ஒலியை 1,536 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகச் சுருக்குகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு துண்டு 32 மில்லிநொடி. ஒரு துண்டு நிறையாமல் அனுப்ப முடியாது, ரிசீவரும் பிரிக்க நேரம் எடுத்துக்கொள்ளும். படம் ஓடும்போது ஒலி அமைப்பில் ஆடியோ ஆஃப்செட் என்பதை எடுத்தால் 25 மில்லிநொடிப் படிகளாகக் குரலை முன்னே தள்ளலாம். யாராவது கைதட்டும் அல்லது கதவை அறையும் காட்சியை வைத்துச் சரிபாருங்கள், உதட்டை வைத்துப் பார்த்தால் டப்பிங் படங்களில் ஏமாந்துபோவீர்கள். சரியான அளவு கிடைத்ததும், மாற்றப்படும் படங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படங்களுக்கும் பொதுவாக்கும் பொத்தானை அழுத்தினால், இதுவரை சரியாக ஓடிய படங்களில் குரல் உதட்டை முந்திவிடும்.